அம்மா போன்ல மட்டும் அந்த பட்டனைக் காணோமே... ஏன்?

'சிலிண்டர் புக் பண்ணிக் கொடுடா'ன்னு அம்மா போனை நீட்டுறாங்க. உங்க போன்ல பளிச்னு இருக்கிற அதே ஆப்தான். ஆனா, அம்மா போன்ல 'உறுதி செய்யவும்' பட்டன் பாதி வெட்டுப்பட்டு நிக்குது. கண்ணுக்குத் தெரியணும்னு எழுத்தைப் பெருசா வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதுக்கா இந்தத் தண்டனை?

ஒரு ஆப் சின்ன போன், டேப்லெட், டி.வி-ன்னு எல்லாத்துலயும் ஓடணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா திரை வடிவமைச்சா கட்டுப்படியாகாது. அதனால பட்டன், தேடல் பெட்டி மாதிரியான பகுதிகளை ஒருமுறை செஞ்சுவெச்சு, தேவையான இடத்துல எல்லாம் பயன்படுத்துறாங்க. இதுக்குப் பேர் 'காம்பொனென்ட்'. மாடுலர் கிச்சன் மாதிரின்னு வெச்சுக்கங்களேன். பெட்டிகள் அதேதான், சமையலறைக்கு ஏத்த மாதிரி அடுக்கு மாறும். 2013-ல ஃபேஸ்புக் வெளியிட்ட 'ரியாக்ட்', கூகுளோட 'ஃப்ளட்டர்' ரெண்டும் இந்த வழியிலதான் இயங்குது.

நிறம், இடைவெளி, எழுத்தளவு எல்லாம் பட்டனுக்குள்ளயே எழுதப்படாம, தனிப் பட்டியலா இருக்கும். நீங்க டார்க் மோடு போட்டா, மாறுறது அந்தப் பட்டியல்தான், பட்டன் அல்ல.

அளவு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பிக்ஸல் கணக்குல பட்டன் செஞ்சா, நெருக்கமான பிக்ஸல் இருக்கிற திரையில அது கடுகாகிடும். அதனால ஆண்ட்ராய்டுல 'டிபி'ங்கிற அலகு இருக்கு. ஓர் அங்குலத்துக்கு 160 பிக்ஸல் உள்ள திரையில 1 டிபி என்பது 1 பிக்ஸல். 480 உள்ள திரையில 3 பிக்ஸல். விரலால தொடுற எதுவும் குறைந்தது 48 டிபி, அதாவது சுமார் 9 மி.மீ இருக்கணும்ங்கிறது கூகுளோட பரிந்துரை. எழுத்துக்கு மட்டும் 'எஸ்.பி'ன்னு வேற அலகு. நீங்க செட்டிங்ஸ்ல எழுத்தைப் பெருசாக்கினா, இது சேர்ந்து வளரும்.

அப்போ அம்மா போன்ல என்னாச்சு? எழுத்து வளர்ந்துச்சு, பட்டனோட உயரத்தை யாரோ 48-னு பூட்டி வெச்சுட்டாங்க. 'குறைந்தது 48, தேவைன்னா வளரலாம்'னு எழுதியிருந்தா பிரச்னையே இல்லை. 2023-ல வந்த ஆண்ட்ராய்டு 14-ல எழுத்தை 200 சதவிகிதம் வரை பெருசாக்கலாம். போதாக்குறைக்கு 'ஓகே'ங்கிற குட்டி வார்த்தைக்கு அளந்த பட்டன்ல, 'உறுதி செய்யவும்' எப்படி அடங்கும்?

இப்போதைக்கு எழுத்தளவை ஒரு படி குறைச்சு வேலையை முடிச்சுட்டு, மறுபடி பழைய அளவுக்கே மாத்திக் கொடுங்க. ப்ளே ஸ்டோர் ரிவ்யூல 'எழுத்தைப் பெருசாக்கினா பட்டன் மறையுது'ன்னு போன் மாடலோட எழுதுங்க. வெறும் 1 ஸ்டாரைவிட அதுதான் டெவலப்பருக்கு உதவும். நீங்களே ஆப் செய்றவரா? சின்ன போன், பெரிய எழுத்து, தமிழ் மொழின்னு மூணையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்க.

'எனக்கு இதெல்லாம் வராதுப்பா'ன்னு அம்மா சொன்னா, தப்பு அவங்க மேல இல்லைன்னு மறக்காம சொல்லுங்க!