வெள்ளத் தடுப்பு நிதியில் நமது பங்கு எங்கே?

மழைக்காலம் நெருங்கினால் சென்னையில் கோடிகளின் கணக்கு பேசப்படும். கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியுடன் 2022இல் கையெழுத்தான கடன் 25.1 கோடி டாலர். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சீரமைக்க மாநகராட்சி 2025இல் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டியது. வடசென்னைக்கு வடிகால் வேண்டும். குப்பை மலையும் கரைய வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், காலநிலை மாற்றத்தின் பெயரால் வரும் பணம் யார் வீட்டைக் காக்கிறது, யார் வீட்டை இடிக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளக்காட்டிலேயே குடியமர்த்தினார்கள். நகருக்குள் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போன பெண்கள் இழந்த கூலி, கூடுதலான பேருந்துச் செலவு, பிள்ளைகளின் பாதியில் நின்ற படிப்பு ஆகியவற்றை எந்தத் திட்டச் செலவில் சேர்த்தார்கள்?

தண்ணீர் வடிந்த மறுநாள் சேற்றையும் குப்பையையும் அள்ளுகிறவர்களும் நம்மவர்களே. அவர்களுடைய காலுறை, கையுறை, காப்பீடு, பணி நிரந்தரம் ஆகியவையும் வெள்ளத் தடுப்புச் செலவுதான்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதப்படி அவர்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே 2024இல் தனிச் சட்டம் வந்தது. பொதுவான சாலை, வடிகால் செலவில் ஒரு பகுதியை நமது கணக்கில் எழுதிவிட்டு நழுவும் பழைய வழக்கம் இனியும் தொடரக் கூடாது.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று, காலநிலைத் திட்டம் ஒவ்வொன்றிலும் தலித் குடியிருப்புகளுக்கான செலவைத் தெரு வாரியாக வெளியிட வேண்டும். இரண்டு, ஆற்றங்கரை மக்களை அகற்றியே தீர வேண்டுமானால் அருகிலேயே மாற்று வீடு தர வேண்டும். அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். மூன்று, கடன் வாங்கும் முன்பே பகுதி சபைகளில் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை கூடும்போது இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கடனை அடைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. பயனிலும் அந்தப் பங்கு வேண்டும்.