இசைத்தட்டும் ஒலிநாடாவும் இனி எதற்கு?

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த குடும்பம் தன்னுடன் கொண்டுவரும் பொருள்கள் சிலவே. பாத்திரம் பண்டம், துணிமணி, குலதெய்வத்தின் படம், இவ்வளவுதான். ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு செல்வமும் அக்குடும்பத்துடன் வருகிறது. அது தாய்மொழியின் ஓசை. நம் முன்னோர் அவ்வோசையை முதலில் நாவில் சுமந்து வந்தனர். பின்னர் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் சேர்த்து வைத்தனர். இன்றோ அத்தட்டும் நாடாவும் பழைய இரும்புக்காரரின் கோணிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. “எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இந்தக் குப்பை எதற்கு?” என்று இளைஞர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு நேரான விடை கூறுவது நம் கடமை.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த எலப்புள்ளியும், அதற்கு அப்பால் உள்ள கொழிஞ்சாம்பாறையும் தமிழ் ஒலிக்கும் ஊர்கள். மலபார் மாவட்டத்தின் பகுதியாய்ச் சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடு, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கேரளத்தைச் சேர்ந்தது. நிலத்தில் எல்லைக்கோடு விழுந்தது, பாட்டில் விழவில்லை. கோட்டாயிக்கு அருகேயுள்ள செம்பையில் பிறந்த வைத்தியநாத பாகவதரின் குரல், இசைத்தட்டின் வாயிலாக இருமொழியாளர் வீடுகளிலும் ஒலித்தது. தெற்கே இடுக்கி மலைகளில், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களுக்கு வானொலியும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் ஊரோடு தொடர்பு அறாமல் காத்தன.

அரக்கில் பிறந்த இசை

1902ஆம் ஆண்டு நவம்பரில், கவுகர் ஜான் என்னும் பாடகியின் குரலை லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு செய்தார். நம் நாட்டில் இசைத்தட்டு வாணிகம் வேரூன்றியது அதன் பின்னரே. அக்காலத்துத் தட்டுகளுக்கு அரக்கே மூலப்பொருள். அந்த அரக்கை உலகுக்குப் பெரும் அளவில் வழங்கிய நாடு இந்தியா. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். மணிக்கணக்கில் இராகத்தை விரித்த வித்துவான்கள், மூன்று நிமிடத்தில் அதன் சாரத்தைப் பிழிந்து தரக் கற்றனர். 1930-களில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் நண்பர்களும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளின் வாயிலாகத் தமிழிசையையும் நாடகப் பாடல்களையும் ஊர்தோறும் கொண்டு சென்றது. 1948-இல் அமெரிக்காவில் நீண்டநேர இசைத்தட்டு தோன்றியபின் ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் பாட இயன்றது.

எனினும் இசைத்தட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. கம்பெனி யாரைப் பாடச் சொன்னதோ அவர் குரல் மட்டுமே அதில் ஏறும். குடியானவரின் பாட்டும் கூலியாளின் பாட்டும் அதில் ஏறுவது அருமையே.

வீட்டைப் பேசவைத்த நாடா

அக்குறையைத் தீர்த்தது ஒலிநாடா. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் சிறிய கேசட்டை வெளியிட்டது. 1980-களில் அது நம் நாட்டுச் சிற்றூர்களிலும் பரவிற்று. அதன் பெருஞ்சிறப்பு விலை மலிவு மட்டுமன்று. கேட்பவரே பதிவு செய்பவராகவும் ஆகலாம் என்பதே. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற மக்களுக்கு வீட்டார் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினர். அங்கிருந்தும் குரல் வந்தது. எழுத்தறியாத தாயும் தன் மகனுக்குத் தானே ‘கடிதம்’ விடுக்க முடிந்தது. பாட்டியின் தாலாட்டு, மாரியம்மன் திருவிழாக் கும்மி, மணவீட்டு வாழ்த்து, இழவு வீட்டு ஒப்பாரி, குழந்தையின் முதற்சொல் ஆகிய யாவும் நாடாவில் ஏறின.

இத்தகைய பதிவு எத்துணைப் பயன் தரும் என்பதற்குப் பொள்ளாச்சிக்கு அப்பால் விரிந்த கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், அங்கு வழங்கும் அண்ணன்மார் கதையை 1965-இல் ஊர்ப் பாணர் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் உடுக்கையோடு பாடப்பெறும் பொன்னர் சங்கர் வரலாறு அது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதனைத் தமிழும் ஆங்கிலமுமாக நூலாக்கியது. பின்னாளில் அக்கதை குழந்தைகள் காணும் அசையும் படத்தொடராகவும் உருவெடுத்தது. அந்த நாடா குப்பைக்குச் சென்றிருப்பின், நூலும் இல்லை, படமும் இல்லை.

எண்ணாக மாறிய இசை

1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. பாட்டு, எண்களின் வரிசையாக மாறியது. 1990-களில் எம்.பி.3 என்னும் சுருக்க முறை அவ்வெண்களை மேலும் சிறிதாக்கியது. 2003-இல் ஆப்பிள் நிறுவனம் இணையத்தில் பாட்டுக்கடை திறந்தது. காசு செலுத்தினால் பாட்டு கணினிக்குள் இறங்கும். “இனித் தட்டும் இல்லை, நாடாவும் இல்லை, பதிவிறக்கமே எதிர்காலம்” என்று அன்று பலரும் முழங்கினர்.

நடந்தது வேறு. உலக ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-இல் ஒலிப்பதிவு வருவாயில் நூற்றுக்கு ஏறத்தாழ 67 பங்கு, இணையத்திலிருந்து அவ்வப்போது கேட்கும் ஸ்ட்ரீமிங் முறையால் வந்தது. தட்டும் குறுந்தகடும் போன்ற கைப்பொருள்களால் வந்தது ஏறத்தாழ 18 பங்கு. பழையவற்றையெல்லாம் விழுங்கும் என்று கூறப்பட்ட பதிவிறக்கமோ மூன்று பங்கு அளவுக்குச் சுருங்கிற்று. அமெரிக்காவில் 2022-இல் வினைல் இசைத்தட்டு 4 கோடியே 10 லட்சமும் குறுந்தகடு 3 கோடியே 30 லட்சமும் விற்றன. 1987-க்குப் பின் எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதன்முறை. நம் நாட்டிலும், 2017-இல் சரிகம நிறுவனம் ஐயாயிரம் பழைய பாடல்களை அடக்கிய ‘கார்வான்’ பெட்டியை வெளியிட்டபோது முதியோர் அதனை விரும்பி வாங்கினர். திருகுவதற்கு ஒரு குமிழும் கையில் பிடிப்பதற்கு ஒரு பெட்டியும் மனிதர்க்கு இன்னும் வேண்டியிருக்கின்றன.

ஆதலின் கைப்பொருளான இசை முற்றும் மறையும் என்று அஞ்சவேண்டா. விரும்பிச் சேர்ப்போர் உள்ளவரை கடையில் அதற்கு இடம் இருக்கும். நம் கவலை கடையைப் பற்றியதன்று. வீட்டு அலமாரியைப் பற்றியது.

எது காக்கப்படும்? எது போய்விடும்?

புகழ்பெற்ற பாடகரின் தட்டு ஓரிடத்தில் உடைந்தாலும் வேறிடத்தில் இருக்கும். இடுக்கி மலையிலிருந்து இறங்கினால், கோட்டயம் மாவட்டத்தில் ஈராற்றுப்பேட்டைக்கு அருகே பிளாசனால் என்னும் ஊர் உள்ளது. அங்கே சன்னி மாத்யூ என்பவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் இசைத்தட்டுகளையும் பல கிராமபோன் கருவிகளையும் கொண்டு 2015-இல் அருங்காட்சியகம் அமைத்தார். ஓடியன் கம்பெனியின் பழந்தட்டுகளைச் சேர்ப்பாளரிடமிருந்து பெற்று எண்வடிவாக்கும் பணிக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்று துணைநின்றது. விற்பனைக்கு வந்த இசைக்குக் காவலர் பலர் உளர்.

ஆனால் உங்கள் பாட்டியின் தாலாட்டுக்கு யார் காவலர்? அஃது உலகில் ஒரே ஒரு நாடாவில்தான் உள்ளது. எந்த இணையத்திலும் தேடிக் காண இயலாது.

“கணினியில் ஏற்றிவிட்டால் போதுமே” எனலாம். அதுவும் போதாது. மைஸ்பேஸ் என்னும் இணையதளம், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாடல்களைக் கருவி மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. இழந்தவை ஐந்து கோடிக்கு மேல் என்பர். பிரிட்டிஷ் நூலகமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் இணையச் சேவைகள் பல நெடுநாள் முடங்கின. கைப்பொருளுக்கும் இதே விதிதான். 2008-இல் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனக் கிடங்கு தீப்பற்றியபோது மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரான நம் தமிழ்க் குடும்பத்தார் 70 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களுடன் அவர்தம் வீடுகளும், வீட்டில் இருந்த படங்களும் பொருள்களும் மண்ணுள் மறைந்தன. உயிரிழப்பின் முன் பொருளிழப்பு சிறிதே. எனினும் எஞ்சிய உறவினர்க்கு மறைந்தவரின் குரல் ஒன்று வேறூரில் இருந்திருப்பின், அஃது எத்துணை ஆறுதலாகும்!

இவை யாவும் உணர்த்தும் உண்மை ஒன்றே. எந்த வடிவமும் தனித்து நின்று காக்காது. ஒரு படியாக ஓரிடத்தில் மட்டும் இருப்பது, தட்டாயினும் நாடாவாயினும் எண்ணாயினும், ஒருநாள் போய்விடும்.

வெயிலும் பனியும்

நம் நிலத்தின் இயல்பும் இதில் சேர்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெயிலில், எலப்புள்ளி வீட்டின் ஓட்டுக் கூரைக்கடியில் வைத்த வினைல் தட்டு வளைந்துபோகும். மூணாற்று மழையிலும் பனியிலும் நாடாவில் வெண்பூசணம் படரும். பூசணம் படர்ந்த நாடாவை அப்படியே கருவியில் இடலாகாது. அது கருவியில் ஒட்டி, அடுத்த நாடாவுக்கும் தொற்றும். அதனைத் தனியே வைத்து, தொழில் அறிந்தவரிடம் காட்டுவதே நன்று. பழைய அரக்குத் தட்டைச் சாராயச் சேர்க்கையுள்ள நீர்மத்தால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும். வினைல் தட்டுக்குரிய மெல்லூசி 78 சுற்றுத் தட்டுக்குப் பொருந்தாது. அதற்கு அகன்ற ஊசி வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப்போல நிமிர்த்தி வைக்கவேண்டும். நாடாவை ஒலிபெருக்கியின் அருகே வைத்தலும் கூடாது. அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, வீட்டிலுள்ள நாடாக்களை இருவகையாகப் பிரிக்க. கடையில் வாங்கிய திரைப்பாடலுக்கு அவசரம் இல்லை. வீட்டார் குரல் பதிந்தவற்றை முதலில் எடுக்க. கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரு சிறு தடுப்புகளை ஒடித்துவிட்டால், தவறுதலாக வேறொன்று அதன்மேல் பதியாது.

இரண்டாவதாக, நல்ல நிலையிலுள்ள கேசட் கருவி ஒன்றைத் தேடி, அதன் தலைப்பகுதியைத் துடைத்து, கம்பி வழியே கணினியுடன் இணைத்துப் பதிக. கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு முன் பிடித்துப் பதிந்தால் தெருவோசையும் சேர்ந்துவிடும். ‘வேவ்’ என்னும் சுருக்காத வடிவில் ஒரு படி வைத்துக்கொண்டு, உறவினர்க்கு அனுப்புதற்கு எம்.பி.3 வடிவில் மற்றொன்று செய்க.

மூன்றாவதாக, மூன்று படிகள் இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடம். மூல நாடாவை எறியவேண்டா. இன்றைய கருவியினும் சிறந்தது நாளை வரலாம்.

நான்காவது, இவை யாவற்றினும் முதன்மையானது. பாடுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, பின்னால் கேட்கும் சிரிப்பு யாருடையது என்பனவற்றைக் கேட்டு எழுதுக. கருவியை இயக்கும் திறன் இளைஞரிடம் உள்ளது; பெயர்களை அறிந்த நினைவு முதியோரிடம் உள்ளது. இவ்விருவரும் ஒரு மாலைப்பொழுது சேர்ந்து அமராவிடில், குரல் மட்டும் எஞ்சும்; அது யாருடைய குரல் என்று சொல்ல ஆள் இராது. ஒப்பாரி போன்றவற்றைப் பிறர் கேட்க இணையத்தில் இடுமுன், அவ்வீட்டார் இசைவைப் பெறுதல் பண்பாகும்.

சங்கக் கூட்டத்திற்கு வரும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு நாடாவையேனும் கொண்டு வரலாம். கருவி உடையோர் கருவியைக் கொணர்க. எழுத வல்லோர் ஏட்டைக் கொணர்க. பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. ஆண்டு ஒன்றில் சில நூறு குரல்களைக் காத்துவிடலாம்.

‘இந்தக் குப்பை எதற்கு?’ என்ற இளைஞர்க்கு நம் விடை இதுவே. கடையில் வாங்கியதை மீண்டும் கடையில் வாங்கலாம். வீட்டில் பிறந்த குரலை எக்கடையிலும் வாங்க இயலாது. அக்கோணிக்குள் போகுமுன், தம்பி, ஒருமுறை அதனைச் சுழலவிட்டுக் கேள். கேட்டபின் முடிவு செய்.