பந்தில் நிலைக்கும் பார்வை

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக மலையேறுவோர் நுவரெலியா நகரில் பரந்ததொரு கொல்ப் திடலைக் காண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்தது அது.

அவ்விளையாட்டில் பந்தை நெடுந்தூரம் விரட்டவல்ல வீரரும், குழிக்கு ஐந்தாறடி தொலைவில் தடுமாறுவதுண்டு. குழியின் விட்டம் நாலேகால் அங்குலமே. அந்த அடிக்கு வலிமை வேண்டியதில்லை. ஆயினும் வெற்றி தோல்வி அதனைப் பொறுத்திருக்கையில் கை நடுங்குகின்றது.

கையைப் போலவே கண்ணையும் கவனிக்க வேண்டும் என்று காட்டியவர், கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழக அறிஞர் ஜோன் விக்கர்ஸ் அம்மையார். தேர்ந்த வீரரின் பார்வை அடிக்குமுன் பந்தில் நிலைப்பதையும், மற்றவர் பார்வை அங்குமிங்கும் அலைவதையும் 1992 இல் வெளியான அவரது ஆய்வு புலப்படுத்தியது. இந்நிலைத்த பார்வையை அவர் பின்னர் 'அமைதிக் கண்' என்றார்.

பயிற்சி எளியது. குழியைக் குறிபார்த்தபின், பந்தின் பின்புறத்தில் இரண்டு மூன்று விநாடி பார்வையை நிறுத்துதல் வேண்டும். அடித்த பின்னரும், பந்து இருந்த இடத்தையே கணநேரம் நோக்குதல் வேண்டும். அச்சத்தால் சிதறும் கவனத்தை, நிலைத்த கண் செய்யும் செயலிலேயே நிறுத்துகின்றது.

2011 இல் வெளியான ஆய்வொன்றில் 22 தேர்ந்த வீரர் பங்குகொண்டனர். இப்பயிற்சி பெற்றோர், குழியருகே அடிக்கும் அடிகளில் ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ இரண்டைக் குறைத்தனர். நெருக்கடியிலும் அவர்கள் பார்வை கலையவில்லை. பயிற்சி பெறாதோர் பார்வையோ கலைந்தது.

பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அருச்சுனன் இலக்கை நோக்கினான். கொல்ப் வீரனோ, இறுதிக் கணத்தில் இலக்கை விடுத்துப் பந்தையே நோக்கப் பழகவேண்டும்.