முதலில் செல்வது எது?

அலுவலக வலையமைப்பில் கோப்புகளும் தொலைபேசிக் குரலும் ஒரே கம்பிவழியே செல்கின்றன. நெரிசலின்போது கோப்பு சற்றுத் தாமதமாக வந்தாலும் அதன் பயன் குறையாது. குரலோ 150 மில்லிநொடிக்குள் மறுமுனையை அடைதல் வேண்டும். இல்லையேல் உரையாடலின் இயல்பு கெடும். ஆதலால், ஒவ்வொரு தரவுப் பொதியிலும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண் குறிக்கப்படுகிறது. குரலுக்கு 46 என்னும் எண்ணைக் குறிப்பது வழக்கம். அவ்வெண்ணைப் படிக்கும் சுவிட்ச், பொதிகளைத் தனித்தனி வரிசைகளில் நிறுத்திக் குரலை முதலில் அனுப்புகிறது.

எனினும், கணினிகள் தாமே இட்டுக்கொள்ளும் எண்களையெல்லாம் சுவிட்ச் நம்பலாகாது. அனைத்தும் முன்னுரிமை பெற்றால் எதற்கும் முன்னுரிமை இராது. முதல் வரிசைக்கும் உச்சவரம்பு வேண்டும். இல்லையேல் பிற வரிசைகள் காத்தே கிடக்கும். முன்னுரிமை பாதையை அகலமாக்குவதில்லை. காத்திருக்கும் முறையையே வகுக்கிறது.

சிந்திக்க: நெரிசலற்ற வேளையில் இம்முறையால் பயன் உண்டா?