எந்த அளவீட்டைத் திருத்துவது?

புவியீர்ப்பு முடுக்கத்தை நேராக அளக்கும் கருவி பள்ளி ஆய்வகத்தில் கிடையாது. தனி ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து, வாய்பாட்டில் இட்டுத்தான் அதைப் பெறுகிறோம். இது மறைமுக அளவீடு. அளவுகோலிலும் ஸ்டாப்வாட்சிலும் உள்ள பிழை விடைக்குள்ளும் புகுந்துவிடும். எவ்வளவு புகுந்தது என்று கணக்கிட, அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் ஒரு மென்பொருளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது: 'நிஸ்ட் அன்சர்ட்டன்ட்டி மெஷின்'. தாமஸ் லஃபார்ஜ், அன்டோனியோ பொசோலோ இருவரும் உருவாக்கியது.

ஒவ்வோர் அளவின் மதிப்பையும் பிழையையும், கூடவே வாய்பாட்டையும் தர வேண்டும். நீளம் 1 மீட்டர், பிழை 1 மி.மீ. என்போம். 20 அலைவுகளுக்கு 40.14 நொடி, பொத்தானை அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆகலாம். அப்படியானால் ஓர் அலைவுக்கு 2.007 நொடி, பிழை 0.01. விடை 9.80, பிழை 0.10.

மென்பொருள் இதை இரண்டு வழிகளில் கணக்கிடுகிறது. ஒன்று, வகைக்கெழுக்களைக் கொண்ட காஸின் பழைய சூத்திரம். மற்றது மான்டி கார்லோ: பிழை எல்லைக்கேற்ப அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி, லட்சக்கணக்கான முறை விடை கண்டு, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பது. வாய்பாடு வளைந்து நெளிந்ததாக இருக்கும்போது இரண்டாவதே நம்பகமானது.

பலர் அந்த 0.10-ஐ எழுதிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பின் வரும் சிறு பட்டியல்தான் முக்கியம். விடையின் பிழை எந்த அளவிலிருந்து எத்தனை விழுக்காடு வந்தது என்று அது சொல்கிறது. இங்கே, பிழைகளின் இருமடிக் கணக்கில், நேரத்தின் பங்கு 99. நீளத்தின் பங்கு வெறும் 1. வாய்பாட்டில் நேரம் இருமடியாக வருவதால் அதன் பிழை இரட்டிக்கிறது. ஆகவே இன்னும் நுட்பமான அளவுகோல் வாங்குவது வீண் செலவு. 20-க்குப் பதில் 100 அலைவுகளை எண்ணினால் பிழை 0.02-க்கு இறங்கிவிடும், காசு எதுவும் ஆகாது.

ஆனால் நாம் சொல்லாத பிழை மென்பொருளுக்குத் தெரியாது. வாய்பாடு சிறு கோணங்களுக்கே பொருந்தும். ஊசலை 20 பாகை இழுத்துவிட்டால் அலைவு நேரம் சுமார் 0.77 விழுக்காடு நீண்டு, விடை 0.15 குறைந்துபோகும். திரையில் வந்த 0.10-ஐவிட அது பெரியது. இழுத்துவிட்ட கோணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.