எரியும் சூளைக்குள் உப்பு... பானை பளபளப்பது எப்படி?

குழம்புக்கு உப்பு போடுவோம், ஊறுகாய்க்கும் போடுவோம். ஆனால், கொழுந்துவிட்டு எரியும் சூளைக்குள் உப்பை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் பானைகளுக்கெல்லாம் கண்ணாடி போன்ற மேல்பூச்சு கிடைக்கும். இதுதான் 'சால்ட் கிளேஸ்'.

ஜெர்மனியின் ரைன் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வளர்ந்த முறை இது. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், பிட்ஸ்பரோ அருகே கிராமப்புறப் பட்டறை அமைத்து, இம்முறையில் பெரிய ஜாடிகள் செய்து பெயர் பெற்றவர் மார்க் ஹெவிட். இங்கிலாந்தில் பிறந்த இவர், மைக்கேல் கார்டியூவிடம் தொழில் கற்று, 1983-ல் இங்கு குடியேறியவர்.

எப்படி நடக்கிறது?

சூளை சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உப்பு போடப்படும். அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்கா, அலுமினாவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும். தொட்டுப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

அப்புறம் என்ன ரிஸ்க்?

பிரஷ்ஷால் பூசினால் கனத்தைக் கை தீர்மானிக்கும். இங்கே தீர்மானிப்பது நெருப்பும் ஆவியும். உப்பு குறைந்தால் பானை வறண்டுபோகும், கூடினால் பூச்சு வழியும். வாரக்கணக்கான உழைப்பு மொத்தமும் ஒரே சூளையில்! அதனால் சின்னக் களிமண் வளையங்களை உள்ளே வைத்து, நடுநடுவே கம்பியால் வெளியே எடுத்துப் பதம் பார்ப்பார்கள். சோறு வெந்ததா என்று பருக்கை எடுத்துப் பார்ப்போமே, அதே கதைதான்.

குறுகிய வாய் ஜாடிகளின் உட்புறத்துக்கு ஆவி சரியாகப் போகாது. அங்கே தனிப் பூச்சு முன்பே ஊற்றப்படும். சூளைச் செங்கல்லையும் உப்பு விட்டுவைக்காது, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

புகை ஆபத்தா?

ஆமாம். உப்பிலுள்ள குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். நகரத்துக்குள் இதைச் செய்வது கடினம் என்பதற்கு இதுவும் காரணம். அதற்காகக் கிராமத்துக் காற்றும், குயவரின் நுரையீரலும் பாதிக்கப்படாது என்று அர்த்தமில்லை. எனவேதான் 1970-களிலிருந்து பலர் உப்புக்குப் பதில் சோடாவுக்கு மாறினார்கள். பூச்சு கிட்டத்தட்ட அதே ரகம், ஆனால் அமிலப் புகை இல்லை.

நமக்கு என்ன தொடர்பு?

நம்மூர்ப் பழைய பாதாளச் சாக்கடைகளில் புதைத்த பழுப்பு நிறக் குழாய்கள் நினைவிருக்கிறதா? 'சால்ட் கிளேஸ்டு ஸ்டோன்வேர்' குழாய்கள் அவை. கழிவுநீரும் அமிலமும் எளிதில் அரிக்க முடியாத உறுதியைத் தந்ததும் அதே உப்புதான்!