நீர்க்கசிவும் சஸ்திர சிகிச்சையும்

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் தானே கசிதல் ஸ்திரீகள் பலர் நாணத்தால் மறைக்கும் நோயாகும். பிரசவத்தாலும் முதுமையாலும் மூத்திரத் தாரையைத் தாங்கும் தசைகள் தளர்வதே இதற்குப் பெரும்பாலுங் காரணம். தசைப் பயிற்சியாற் குணப்படாதவர்க்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. அதன் பயன் எத்துணையெனின், அமெரிக்காவில் 655 ஸ்திரீகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு அவர்தம் உடற்சவ்வையே எடுத்து, மூத்திரத் தாரையின் கீழ்த் தூளிபோற் கட்டினர். மற்றவர்க்கு மூத்திரப்பையின் கழுத்தருகேயுள்ள திசுவைத் தைத்து உயர்த்தினர். ஈராண்டு கழிந்தபின் இவ்வகைக் கசிவு நீங்கினோர் முன்னவருள் நூற்றுக்கு 66 பேர். பின்னவருள் 49 பேர். ஆயினும், சிறுநீர் கழித்தலில் இடர்ப்பாடும் நீர்த்தாரைத் தொற்றும் முன்னவர்க்கே மிகுதி. ஆதலின், மிகுந்த குணந் தருவது எதுவென வினவுதல் மட்டும் போதாது. அதனால் வருந் துன்பம் யாதெனவும் வைத்தியரை வினவித் தெளிதல் நோயாளியின் உரிமையாம்.